பாரிஸ் பொன்முலாம் சுவர்க்கடிகாரம்: டயலில் இருக்கும் பெயர் யாருடையது?

ஊசல்:
வணக்கம். பாரிஸின் வட எல்லையில் சேன்-துவான் பழம்பொருள் சந்தையில் ஒரு சுவர்க்கடிகாரம் பார்த்து வைத்திருக்கிறேன். கூடு முழுக்க வெண்கலம், மேலே பொன்முலாம். உயரம் முக்கால் மீட்டர் இருக்கும். இலையும் சுருளுமாக, இடமும் வலமும் ஒன்றுபோல இல்லாத வடிவம். உச்சியில் சிறகு முளைத்த ஒரு குழந்தை, அடியில் அரிவாளோடு தாடிக்காரக் கிழவர். வெள்ளை எனாமல் டயலில் ‘ழூலியேன் லெ ருவா, பாரிஸ்’ என்று எழுதியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸை ஆண்ட பதினைந்தாம் லூயி காலத்தது என்கிறார் கடைக்காரர். விலையும் அதற்கேற்ற மாதிரிதான் சொல்கிறார். இவ்வளவு அழகான வெண்கல வேலையை லெ ருவாவே செய்தாரா? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சிற்றுளி:
முதலில் உங்கள் கேள்விக்கு நேர் பதில். லெ ருவா அந்த இலையில் ஒன்றைக்கூடச் செய்திருக்க மாட்டார். செய்ய அவருக்கு அனுமதியும் கிடையாது.

18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சங்கம் இருந்தது. கடிகாரக்காரர் பல்சக்கரமும் முள்ளும் செய்யலாம். வெண்கலம் வார்ப்பது வார்ப்புக்காரர் சங்கத்தின் உரிமை. வார்த்ததைச் சிற்றுளியால் தீட்டி முலாம் பூசுவது இன்னொரு சங்கம். டயல் எனாமல்காரரிடமிருந்து வரும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைச் செய்தவர் வேறொருவர். இத்தனை பேரையும் சேர்த்து வேலை வாங்கி, பெரிய வீடுகளுக்கு விற்றவர்கள் ஆடம்பரப் பொருள் வணிகர்கள். லாசார் துவோ என்ற வணிகர் 1748 முதல் 1758 வரை எழுதிய நாள்கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் பொம்பதூர் உட்பட யார் யார் என்ன வாங்கினார்கள் என்று அதில் பார்க்கலாம்.

இத்தனை கைகள் பட்ட பொருளில் டயல் மேல் ஒரே ஒருவர் பெயர்தான் வரும், அது கடிகாரக்காரர் பெயர். கூட்டை வார்த்தவர் பெயர் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் பெரும்பாலும் போடவில்லை. இன்று நாம் இந்தக் கடிகாரங்களை விரும்புவது கூட்டின் அழகுக்காக. ஆனால் அந்த அழகைச் செய்தவரின் பெயர் பாதிக்கு மேல் தொலைந்துவிட்டது. எனக்கு இது உண்மையாகவே வருத்தமான விஷயம்.

விதிவிலக்குகள் உண்டு. 1746இல் சங்கத்தில் மாஸ்டர், அதாவது சொந்தப் பட்டறை நடத்தும் உரிமை பெற்றவர், ஆன ரொபேர் ஒஸ்மோன், 1748இல் மாஸ்டர் ஆன ழான்-ஜோசப் தெ சேன்-ழெர்மேன், இந்த இருவரும் தங்கள் வெண்கலத்தில் பெயரை முத்திரையாகக் குத்தினார்கள். கூட்டின் அடிப்பக்கம், விளிம்பு ஓரம், உள்பக்கம் எல்லாம் லென்ஸ் வைத்துத் தேடிப் பாருங்கள். ழாக் கஃபியேரியும் அவர் மகன் பிலிப்பும் சிலவற்றில் பெயர் பொறித்தார்கள்.

அப்புறம் நீங்கள் சொன்ன உருவம். மேலே மன்மதன், கீழே காலத்தைக் குறிக்கும் கிழவர். ‘காலத்தை வென்ற காதல்’ என்று பெயர் பெற்ற மாதிரி இது. ஷார்ல் கிரெசான் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். லண்டனில் வாலஸ் கலெக்ஷனில் ஒன்று இருக்கிறது, முடிந்தால் நேரில் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வார்க்கப்பட்ட மாதிரிகளில் இதுவும் ஒன்று. அதனால் உருவத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கோமதி:
சிற்றுளி ஐயா சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன், இன்னொரு பகுதியை ஏற்க மாட்டேன். டயலில் பெயர் போட்டவரை வெறும் சக்கரம் கோத்தவர் என்று தள்ளிவிடக் கூடாது. ழூலியேன் லெ ருவா 1686இல் தூர் நகரத்தில் பிறந்து, 1713இல் பாரிஸில் மாஸ்டர் ஆகி, 1739இல் அரசரின் கடிகாரக்காரர் ஆனவர். பிரெஞ்சுக் கடிகாரம் ஆங்கிலேயக் கடிகாரத்துக்கு ஈடுகொடுக்க ஆரம்பித்ததில் அவர் பங்கு பெரியது. அவர் மகன் பியேர் லெ ருவா கடல் பயணத்துக்கான காலமானியை வடிவமைத்தவர். கூடு எவ்வளவு அழகாக இருந்தாலும், நேரம் தவறினால் அது சுவர் அலங்காரம் மட்டும்தான்.

சிற்றுளி:
கோமதி அம்மா, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பெரிய பெயரே இங்கே சிக்கல். லெ ருவா உயிரோடு இருந்த காலத்திலேயே அவர் பெயரைப் போலியாக எழுதி விற்றார்கள். பிறகு பாரிஸின் பலே ரொயால் பகுதியில் கடை வைத்திருந்த வேறொரு லெ ருவா நிறுவனமும் 19ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்றது. எனாமலில் எழுத்து எழுதுவது கஷ்டமான வேலையும் இல்லை. டயல் பெயரை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பல்சக்கரம்:
நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். ஊசல் தம்பி, கடைக்காரரிடம் அனுமதி கேட்டு மெஷினைப் பின்பக்கமிருந்து பாருங்கள். படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

18ஆம் நூற்றாண்டு மெஷினாக இருந்தால் பின்தட்டிலும் கடிகாரக்காரர் பெயர் கையால் பொறித்திருக்கும், டயலில் இருக்கும் பெயரோடு அது ஒத்துப்போக வேண்டும். ஊசல் பட்டு நூலில் தொங்கும். அந்த நூலைச் சுற்றி ஏற்றி இறக்கித்தான் வேகத்தைச் சரிசெய்வார்கள். காற்றில் ஈரம் ஏறினால் நூலின் நீளம் மாறும், நேரமும் கொஞ்சம் மாறும். மணி அடிக்க மணிதான் இருக்கும், சுருள் கம்பி இருக்காது. சுருள் கம்பியில் அடித்து ‘டொங்’ என்று ஒலிக்கும் வகை 19ஆம் நூற்றாண்டில் வந்தது.

ஊசல் பட்டு நூலுக்குப் பதில் மெல்லிய எஃகுத் தகட்டில் தொங்கி, டயலில் 12க்கு மேலே ஒரு சின்னத் துளை இருந்து, அதில் சாவி போட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால், அது பெரும்பாலும் புரோக்கோ வகை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியது.

இன்னொன்று: ஸ்பிரிங் பெட்டியைத் திறந்தால் சில சமயம் ஸ்பிரிங் செய்தவர் தன் பெயரையும் ஆண்டையும் கீறி வைத்திருப்பார். ஸ்பிரிங் உடைந்து பிறகு மாற்றியிருக்கவும் கூடும் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அது பெரிய துப்பு. கடையில் நின்றபடி அதைத் திறக்க வேண்டாம். அந்த ஸ்பிரிங் கையைக் கிழித்துவிடும்.

ஊசல்:
எல்லோருக்கும் நன்றி. கடைக்காரர் தங்கமான மனிதர், திறந்தே காட்டினார். பார்த்ததை எழுதுகிறேன். பின்தட்டு வட்டமாக இருக்கிறது. நடுவில் ஒரு வட்ட முத்திரை: ‘எஸ். மார்த்தி’, ‘வெள்ளிப் பதக்கம்’, 1889. தட்டின் அடியில் 5, 6 என்று இடைவெளி விட்டு இரண்டு எண்கள். மணி அரைக்கோள மணிதான், சுருள் கம்பி இல்லை. 12க்கு மேலே சின்னத் துளை இருக்கிறது. கூட்டின் பின்பக்கமும் முழுக்க ஒரே மாதிரி தங்க நிறமாக இருக்கிறது.

பல்சக்கரம்:
அப்படியென்றால் விஷயம் முடிந்தது. சாமுவேல் மார்த்தி பிரான்ஸின் கிழக்கே மோன்பெலியார் பகுதியில் மெஷின் தயாரித்த நிறுவனம். பாரிஸ் கண்காட்சிகளில் வாங்கிய பதக்கத்தை மெஷினிலேயே குத்துவார்கள். 1889 என்றால் ஐஃபில் கோபுரம் கட்டிய அந்தக் கண்காட்சி. ஆகவே மெஷின் 1889க்கு முன்னால் வந்திருக்க முடியாது. லெ ருவா இறந்தது 1759.

அந்த 5, 6 ஊசலின் நீளம். பழைய பிரெஞ்சு அளவில் 5 அங்குலம் 6 வரி (12 வரி ஒரு அங்குலம்). நாடு மீட்டருக்கு மாறி நூறு ஆண்டு ஆகும் சமயத்திலும் கடிகாரக்காரர்கள் பழைய அளவைத்தான் குத்திக்கொண்டிருந்தார்கள். ஊசல் தொலைந்துபோனாலும் இந்த எண்ணை வைத்துச் சரியான நீளத்தில் வேறொன்று செய்துவிடலாம்.

மெஷின் மட்டமானது என்று நினைக்காதீர்கள். மார்த்தி மெஷின்கள் அருமையானவை. சுத்தம் செய்து எண்ணெய் விட்டு வைத்தால் இன்னொரு தலைமுறை ஓடும்.

தமிழினி:
மெஷின் புதிது என்பதால் கூடும் புதிது என்று ஆகிவிடுமா? பழைய கூட்டில் பழைய மெஷின் கெட்டுப்போய், யாராவது 1890களில் மார்த்தி மெஷினை மாட்டியிருக்கலாமே?

சிற்றுளி:
மிக நல்ல கேள்வி. அப்படி நடந்தது உண்டு, நிறையவே உண்டு. அதனால்தான் மெஷினையும் கூட்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

கூட்டுக்கு என் சோதனை இது. பழைய வேலையில் முலாம் என்பது பாதரச முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய் பதத்தில் கலவையாக்கி வெண்கலத்தில் தடவுவார்கள். பிறகு கரி நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். சில இடங்களை அகேட் கல்லால் தேய்த்துக் கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக்குவார்கள். சில இடங்களில் வெடியுப்பு, படிகாரம், கறியுப்பு சேர்ந்த குழம்பைப் பூசிச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் மாவு படிந்த மாதிரி மங்கலான தங்கம் கிடைக்கும். நல்ல பாரிஸ் வேலையில் இந்தப் பளபளப்பும் மங்கலும் ஒரே இலைக்குள் அடுத்தடுத்து வரும். இலை நரம்பு பளிச்சென்று இருக்கும், இலைப்பரப்பு அடங்கியிருக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த இலை அசைவதுபோலவே தெரியும். நான் இந்தக் கடிகாரங்களில் விழுந்தது இதற்காகத்தான்.

தங்கம் விலை அதிகம் என்பதால் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் முலாம் பூச மாட்டார்கள். ஓரத்தில் வழிந்த தங்கத் திட்டு மட்டும் இருக்கும், மற்றபடி பழுப்பேறிய வெறும் உலோகம், அதில் கையால் அராவிய தடங்கள். மின்முலாம் 1840களில் பரவியது. அதில் பொருளையே தொட்டியில் முக்குவதால் முன்னும் பின்னும் ஒரே சீராகத் தங்கம் ஏறும். உங்கள் கூட்டின் பின்பக்கம் முழுக்கத் தங்க நிறம் என்கிறீர்கள். ஒன்று கூடே 19ஆம் நூற்றாண்டு, இல்லை பழைய கூட்டுக்குப் பின்னாளில் மின்முலாம் போட்டிருக்கிறார்கள்.

இரண்டில் எது என்று சொல்ல வார்ப்பைப் பார்க்க வேண்டும். பாரிஸ்காரர்கள் பெரும்பாலும் மண் அச்சில், துண்டு துண்டாக வார்த்துப் பின்னால் திருகாணியால் இணைத்தார்கள். கையால் செய்த திருகாணி ஒன்றுபோல ஒன்று இருக்காது. அது மட்டுமல்ல, இருக்கிற கடிகாரத்தையே அச்சாக வைத்து மறுவார்ப்பு செய்தால் உலோகம் ஆறும்போது சுருங்கி, அளவு மூலத்தைவிடக் கொஞ்சம் குறையும். முடி, விரல் நகம், இறகின் கோடு எல்லாம் மழுங்கிப்போகும். குழந்தையின் கால் விரல்களையும் கிழவரின் தாடியையும் லென்ஸில் பாருங்கள். சிற்றுளி தொட்ட கூர்மை அங்கேதான் தெரியும்.

கிரீடம் வைத்த ‘சி’ எழுத்து, மிகச் சிறியதாக, எங்காவது குத்தியிருக்கிறதா என்றும் தேடுங்கள். 1745 மார்ச் முதல் 1749 பிப்ரவரி வரை செம்புக் கலவைப் பொருள்கள்மேல் இருந்த வரியின் முத்திரை அது. அதற்கு முன் செய்த பொருளையும் அந்த ஆண்டுகளில் விற்றால் முத்திரை விழும். முத்திரை இல்லாவிட்டால் பழையது இல்லை என்றும் ஆகாது.

கோமதி:
கிரெசான் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள் ஐயா. அவர் மரச்சாமான் செய்பவர் என்றுதானே படித்தேன், வெண்கலத்துக்கு எப்படி வந்தார்?

சிற்றுளி:
அதுதான் அவர் கதையின் சுவையே. 1685இல் அமியேன் நகரத்தில் பிறந்தவர். அப்பா சிற்பி, இவரும் சிற்பியாகப் பயின்றார். சிறுவனாக இருந்த அரசருக்காக நாட்டை ஆண்ட ரீஜெண்ட் பிலிப் தோர்லெயானுக்கு மரச்சாமான் செய்த ஒருவரின் விதவையை 1719இல் மணந்து, அந்தப் பட்டறையை நடத்தினார். தன் அலமாரிக்கும் கடிகாரக் கூட்டுக்கும் வேண்டிய வெண்கலத்தைத் தன் கூரைக்குக் கீழேயே வார்த்து முலாம் பூசினார். சங்க விதிப்படி அது குற்றம். வார்ப்புக்காரர்களும் முலாம்காரர்களும் பலமுறை வழக்குப் போட்டார்கள்.

எனக்கு அவர் செய்தது நியாயமாகவே படுகிறது. சிற்பி மனதில் நினைத்த முகம் வேறொருவர் பட்டறைக்குப் போய் வேறு முகமாகத் திரும்பி வந்தால் அவர் எப்படிப் பொறுப்பார்? கிரெசான் முகங்களில் உயிர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். அவர் முத்திரை குத்தவில்லை. ஆனால் தன் பொருள்களை 1757இலும் 1765இலும் ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது அவர் காலத்து விற்பனைப் பட்டியல்கள் விவரமாக அச்சாயின. இன்று அருங்காட்சியகங்கள் ‘இது கிரெசான்’ என்று சொல்வதற்கு அந்தப் பட்டியல்கள்தான் பெரிய ஆதாரம்.

தமிழினி:
பாதரச ஆவியை வேலையாட்கள் சுவாசித்திருப்பார்களே?

சிற்றுளி:
சுவாசித்தார்கள். கை நடுக்கம், பல் உதிர்வு, புத்தி தடுமாற்றம். சீக்கிரமே வேலை செய்ய முடியாமல் போய், இளம் வயதில் இறந்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது.

அந்த்வான்-அந்த்ரே ராவ்ரியோ என்ற வெண்கலப் பட்டறை முதலாளி 1814இல் இறந்தபோது, முலாம்காரர்களைப் பாதரசத்திலிருந்து காக்கும் வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 ஃபிராங்க் பரிசு என்று உயில் எழுதி வைத்தார். வேதியியலர் தார்சே, ஆவியைப் புகைபோக்கி வழியாக மேலே இழுத்துவிடும் அடுப்பை வடிவமைத்து 1818இல் அந்தப் பரிசைப் பெற்றார். ராவ்ரியோவின் கடிகாரங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த உயிலையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கோமதி:
பெயர் தொலைந்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம், அதனால் இதையும் எழுதுகிறேன். டயலில் ‘லெபோத்’ என்று பார்த்தால் ழான்-அந்த்ரே லெபோத், அவர் தம்பி, குடும்பம் என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவி நிக்கோல்-ரேன் லெபோத் கணக்கில் மேதை. கணவர் 1755இல் வெளியிட்ட கடிகார நூலுக்கு ஊசல் நீள அட்டவணையைக் கணக்கிட்டவர் அவர். பிறகு கணித மேதை கிளேரோ, வானியலர் லலாந்து ஆகியோரோடு சேர்ந்து ஹாலி வால்நட்சத்திரம் திரும்பும் நாளைக் கணக்குப் போட்டார். வியாழனும் சனியும் அதை எவ்வளவு இழுக்கும் என்று மாதக்கணக்கில், காலையிலிருந்து இரவுவரை உட்கார்ந்து போட்ட கணக்கு. 1759 ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு மிக அருகில் வரும் என்று வந்தது விடை. வந்தது மார்ச் 13. கிளேரோ தன் புத்தகத்தில் அவர் பெயரை விட்டுவிட்டார். லலாந்துதான் பிற்பாடு அவர் பங்கை வெளிப்படையாக எழுதினார்.

பல்சக்கரம்:
இது எனக்குப் புதிய செய்தி, நன்றி அக்கா. லெபோத் கடிகாரங்கள் சில என் கைக்கு வந்திருக்கின்றன. இனி அந்தப் பெயரைப் பார்க்கும்போது இவரையும் நினைப்பேன்.

ஊசல்:
லென்ஸோடு மறுபடியும் போய்ப் பார்த்தேன். முத்திரை எதுவும் இல்லை. திருகாணிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே தலை. தாடி கொஞ்சம் மழுங்கல்தான், ஆனால் குழந்தையின் இறகில் உளி வேலை நன்றாக இருக்கிறது. 1890 வாக்கில் செய்தது என்று கடைக்காரரிடம் காரணங்களோடு சொன்னேன். அவரும் கவனமாகக் கேட்டு, விலையைப் பாதிக்கும் கீழே இறக்கினார். வாங்கலாமா? வாங்கினால் மறுமுலாம் போடலாமா? சில இடங்களில் கறுத்திருக்கிறது.

சிற்றுளி:
பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். 19ஆம் நூற்றாண்டின் மறுவார்ப்பு என்றால் போலி என்று பொருள் இல்லை. பார்பெதியேன், ஆன்றி தசோன் போன்றவர்கள் பழைய மாதிரிகளை மிக உயர்ந்த தரத்தில் செய்து, தங்கள் பெயரையே போட்டு விற்றார்கள். உங்களுடையதில் பட்டறைப் பெயர் இல்லை, ஆனாலும் இறகில் உளி ஓடியிருக்கிறது என்றால் யாரோ மனம் வைத்து உட்கார்ந்து செய்திருக்கிறார். டயலில் இருக்கும் லெ ருவா பெயரை மட்டும் யாருக்கும் உண்மை என்று சொல்லி விற்காதீர்கள்.

மறுமுலாம் வேண்டவே வேண்டாம். இருக்கிற பரப்பு போனால் திரும்ப வராது. கறுப்பு பெரும்பாலும் அழுக்கும் பழைய மெருகெண்ணெயும்தான்.

தமிழினி:
இதில் எனக்கு வேறு கருத்து. மின்முலாம் ஏற்கெனவே தேய்ந்து செம்பு தெரிகிற இடத்தில் திரும்பப் போட்டால் என்ன? 1890இல் தொட்டியில் போட்டதை இன்று தொட்டியில் போடுவது அப்படியொன்றும் பாவம் இல்லையே. வீட்டில் மாட்டி ரசிக்கத்தானே வாங்குகிறார்.

சிற்றுளி:
போடுவதற்கு முன் பட்டறையில் பழைய முலாமை அமிலத்தில் கழற்றி, பரப்பைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தத் தேய்ப்பில் உளித் தடமும் சேர்ந்து போகும். என் பயம் அதுதான். தங்கத்தைப் பற்றியதில்லை.

பல்சக்கரம்:
சுத்தம் செய்வது பற்றி. வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள், கடையில் விற்கும் பித்தளை பாலிஷும் கூடாது. தங்கப் படலம் மிக மெல்லியது, இரண்டு தேய்ப்பில் போய்விடும். மெஷினையும் டயலையும் கழற்றி எடுத்த பிறகு, மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், மிருதுவான பிரஷ், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி உடனே ஈரத்தை ஒற்றி எடுப்பது. இவ்வளவு போதும். முள்ளையும் டயலையும் நீங்களாகக் கழற்ற வேண்டாம், எனாமல் சாவித் துளையைச் சுற்றிச் சட்டென்று விரிசல் விடும்.

ஊசல்:
வாங்கிவிட்டேன். மறுமுலாம் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன், தமிழினி மன்னிக்கவும். ஒரு சந்தேகம்: முள் 7இல் இருக்கும்போது மணி 4 அடிக்கிறது. மெஷின் கெட்டுவிட்டதா?

பல்சக்கரம்:
கெடவில்லை. மணி அடிக்கும் எண்ணிக்கையைப் பின்பக்கம் இருக்கும் ஒரு வெட்டுப்பல் தட்டுதான் முடிவு செய்கிறது. முள் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 4க்கு அடுத்து அரைக்கு ஒன்று, பிறகு 5, அரைக்கு ஒன்று, 6 என்று வரிசையாகத்தான் போகும். யாரோ முள்ளைப் பின்னால் திருப்பியிருப்பார்கள், அல்லது மணிக்கான ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்காமல் விட்டிருப்பார்கள். பின்பக்கம் அந்தத் தட்டின் பள்ளத்தில் விழும் கம்பியை விரலால் மெதுவாகத் தூக்கிவிட்டால் அடுத்த எண்ணிக்கை அடிக்கும். 7 அடிக்கும்வரை அப்படியே செய்யுங்கள், அப்புறம் முள்ளைச் சரியான நேரத்துக்கு முன்னோக்கி மட்டும் நகர்த்துங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும்போது ஊசலைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள், மாட்டியபடி தூக்கினால் அதைத் தாங்கும் எஃகுத் தகடு முறிந்துவிடும். கூடு கனமானது. ஜிப்சம் போர்டு தடுப்பில் மாட்டாமல் செங்கல் சுவரிலோ கல் சுவரிலோ கொக்கி அடியுங்கள்.